கரி படிந்த குடுவையைக் கழுவிய கதை

போன மாதம் இரண்டு ஆராய்ச்சி மாணவிகள் வீட்டுக்கு வந்தார்கள். நான் ஓய்வு பெற்ற அதே ஆய்வுக்கூடத்தில் இப்போது வேலை செய்கிறவர்கள். ஏதோ சிறப்பு மலர் போடுகிறார்களாம், பழைய ஆட்களிடம் கட்டுரை கேட்டு அலைகிறார்கள். காபி குடித்து முடித்ததும் அவர்களில் ஒருத்தி கேட்டாள்: "மேடம், அந்தக் காலத்துல மெஷினே இல்லாம எப்படி மேடம் வேலை பண்ணீங்க?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. மெஷின் இல்லை என்று யார் சொன்னது? சுவர் நீளத்துக்கு இருந்தது எங்கள் மெஷின். முழுக்கக் கண்ணாடி. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மற்றவள், "இப்பல்லாம் வளையம் எந்தச் சூட்டுல உடையும்னு கம்ப்யூட்டரே சொல்லிடுது மேடம். எங்க குரூப்ல யாரும் சூடு பண்றதே இல்ல" என்றாள்.

சூடு பண்ணுவதே இல்லையாம்! அவர்கள் போனபிறகும் அந்த வார்த்தை மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கட்டுரை அவர்கள் கேட்டதைவிட நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளட்டும்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியாகவும் நிற்கும், வளையமாகவும் நிற்கும். ஆறு பேர் சேர்ந்த வளையம் சௌகரியமாக இருக்கும். மூன்று பேர், நான்கு பேர் என்றால் நெருக்கடி. கார்பனின் கைகள் அகலமாக விரியப் பார்க்கும், வளையமோ அவற்றை மடக்கிப் பிடித்து வைத்திருக்கும். அந்த இறுக்கத்தோடேயே அவை சாதுவாகப் பாட்டிலில் இருக்கும். சூடாக்கினால் ஒரு கட்டத்தில் பட்டென்று விட்டுவிடும். எவ்வளவு சூட்டில், எவ்வளவு வேகத்தில், எந்த இடத்தில் விடுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. இதற்கு ஒரு வாழ்க்கையா என்று என் அண்ணன் கேட்டிருக்கிறான். ஆமாம், இதற்குத்தான்.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் அங்கே சேர்ந்தேன். காக்ஸ் டவுனில் எங்கள் வீடு. அப்பா ரயில்வேயில் பார்சல் கிளார்க். நான் எம்.எஸ்ஸி. முடித்ததும், எங்கள் சர்ச்சுக்குப் பக்கத்துப் பெண்கள் பள்ளியில் எனக்கு ஒரு டீச்சர் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். நான் இரண்டு வருட ஆராய்ச்சி உதவித்தொகைக்கு எழுதிப் போட்டேன், கிடைத்துவிட்டது. அப்பா ஒரு நிபந்தனை வைத்தார்: "ரெண்டு வருஷம். அதுக்கப்புறம் அவங்களே மேல கொடுத்தா இரு. கொடுக்கலைன்னா ஜனவரில ஸ்கூல்ல சேந்துடணும். பேச்சு மாறக் கூடாது." நான் தலையாட்டினேன். இரண்டு வருடம் என்பது அப்போது எனக்கு முடிவே இல்லாத காலமாகத் தெரிந்தது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாதரசம் கொட்டினேன், பொறுக்கினேன், மறுபடி கொட்டினேன்.

எங்கள் தலைவர் டாக்டர் கேசவமூர்த்தி. மைசூர்க்காரர். என்னிடம் தமிழில்தான் பேசுவார், நடுநடுவே கன்னடம் விழும். எந்த முடிவைக் கொண்டுபோய்க் காட்டினாலும் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, காகிதத்தை மூக்கருகே பிடித்துப் படித்துவிட்டு, "நோடோண" என்பார். பார்க்கலாம் என்று அர்த்தம். நன்றாக வந்தாலும் நோடோண, மோசமாக வந்தாலும் நோடோண. முதல் ஆறு மாதம் அந்த நோடோணவுக்குப் பயந்தே எனக்குப் பாதி எடை குறைந்தது.

அவர் வைத்திருந்த ஒரு விதியை மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும். சோதனைக்குப் பெயர் 'ஓட்டம்'. உலைக்குள் நானூறு டிகிரியைத் தொட்டுக்கொண்டு ஒரு கண்ணாடிக் குடுவை இருக்கும், உள்ளே வெற்றிடம். பொருளின் ஆவியை உள்ளே விடுவோம். என்னுடைய பொருள் நான்கு கார்பன் வளையம், அதற்கு ஒரு சின்ன வால். சூட்டில் ஒரு மூலக்கூறு இரண்டாக உடையும். ஒன்று இரண்டானால் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் வெளியே குழாயில் பாதரசம் ஏறும். அந்த ஏற்றத்தைக் குறித்துக்கொண்டே போனால் உடைகிற வேகம் தெரிந்துவிடும். விதி இதுதான்: பாதரசத்தைப் பார்க்கிறவர் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்க்கிறவர் பாதரசத்தைப் பார்க்கக் கூடாது. ஒருவர் முகம் சுவரைப் பார்க்கும், மற்றவர் முகம் ஜன்னலைப் பார்க்கும். முதுகோடு முதுகாக நின்று, கடிகாரக்காரர் நேரம் பார்த்து "ஹூம்" என்பார், பாதரசக்காரர் எண்ணைச் சொல்வார். இரண்டையும் ஒரே ஆள் பார்த்தால் மனசு தனக்கு வேண்டிய எண்ணைத் தானே எழுதிக்கொள்ளும் என்பது டாக்டரின் கட்சி. என் முதுகுக்கு முதுகாக நின்றவர் சம்பத். சக ஆராய்ச்சியாளர், சாமராஜப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவார். என் பொருளைத் தயாரித்துத் தந்ததும் அவர்தான். கொஞ்சம் தயாரிக்கவே மாதக்கணக்கில் ஆகும், அவ்வளவு முரண்டு பிடிக்கிற பொருள்.

இன்னொரு விஷயம் அந்தக் குடுவை. புதுத் தோசைக்கல்லில் முதல் தோசை ஒட்டிக்கொள்ளும், கல் பழகினபிறகுதான் சரியாக எழும்பும் அல்லவா? கண்ணாடிக் குடுவையும் அப்படித்தான். புதுக் கண்ணாடியின் சுவர் சும்மா இருக்காது, பக்கத்தில் வருகிற மூலக்கூறைத் தானும் பிடித்து உடைக்கும். நமக்கு வேண்டியது சூடு மட்டும் உடைப்பது. அதனால் அதே பொருளைத் திரும்பத் திரும்பச் சுட்டு, சுவரில் மெல்லிய கரிப்படலம் ஏற்றுவோம். படலம் ஏறியதும் சுவர் அடங்கிவிடும். என் குடுவை உள்ளே கன்னங்கரேலென்று இருந்தது. என் ஒன்றரை வருட ஓட்டமெல்லாம் அதில்தான் படிந்திருந்தது. அதில் பார்த்தபோது, போட்ட பொருளில் பாதி உடைய இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. எத்தனை தடவை ஓட்டினாலும் இருபத்திரண்டு. எனக்கு அந்த எண்மேல் காதலே வந்துவிட்டது.

எழுதி வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினோம். கேள்வியோடு திரும்பி வந்தது. உங்கள் இருபத்திரண்டு நிமிடத்தில் சுவரின் பங்கு கொஞ்சமும் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நியாயமான கேள்விதான். வழக்கமான பதில், கண்ணாடித் துண்டுகளை அடைத்த இன்னொரு குடுவையில் ஓட்டிக் காட்டுவது. உள்ளே சுவரின் பரப்பு பல மடங்கு கூடினாலும் வேகம் மாறவில்லையென்றால் சுவருக்குப் பங்கில்லை என்று அர்த்தம். செய்துவிடலாம் என்று இருந்தோம். உதவித்தொகைக் குழு டிசம்பர் கடைசியில் கூடுகிறது. அதற்குள் பதில் கையில் இல்லையென்றால் எனக்கு நீட்டிப்பு இல்லை, ஜனவரியில் பள்ளிக்கூடம்.

அந்த நேரம் பார்த்துக் குடுவையின் கழுத்தில் ஒரு விரிசல் விட்டது. எங்கள் கண்ணாடி வேலைக்காரர் பாஷா பாய் கழுத்தை அறுத்துவிட்டுக் குடுவையை மேஜைமேல் எடுத்து வைத்தார். "பூஜா முடியட்டும் மேடம், புதுக் கழுத்து வச்சுத் தரேன். உள்ளாற கருப்புக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். மறுநாள் ஆயுத பூஜை.

எங்கள் கூடத்தில் அந்தப் பண்டிகைக்கு ஒரு தனி வழக்கம் இருந்தது. வருடம் முழுக்கச் சாமான் கழுவுகிற கைகளுக்கு அன்று ஓய்வு. டாக்டரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியருகே நின்று எல்லாக் கண்ணாடிச் சாமானையும் கழுவுவார். அவருடைய ஆசிரியர் அப்படிச் செய்வாராம், இவரும் விடவில்லை. கழுவி அடுக்கி, பம்பு, தராசு, உலை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரியும் கடலையும் தருவார். நான் சர்ச்சுக்குப் போகிறவள், ஆனால் பொரி வாங்க முதல் ஆளாய் நிற்பேன்.

அன்று பத்து மணிக்குப் போனேன். தொட்டியருகே துணி விரித்து, கழுவின சாமான்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நடுவில் கழுத்தில்லாத ஒரு குடுவை. தண்ணீர்மாதிரித் தெளிவாக, வெயில் ஊடுருவிப் போய்க்கொண்டிருந்தது. அதன் நெற்றியில் அழகாக ஒரு குங்குமப் பொட்டு.

ஓடிப்போய் அதைக் கையில் எடுத்தேன். "சார், இது..."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "ரொம்பக் கறுப்பா இருந்துதும்மா. நேத்து சாயங்காலமே குரோமிக் ஆசிட்ல ஊற வச்சேன். இப்ப நோடு, எப்படி இருக்கு!"

"அது என் குடுவை சார்."

"ஒடஞ்சு போனது அல்லவா அது? கழுத்தே இல்லையே?"

"கழுத்து மாத்தத்தான் சார் எடுத்து வச்சிருந்தோம்! அந்தக் கறுப்புதான் சார் என் ரெண்டு வருஷம்!"

என் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று எனக்கே தெரியவில்லை. பொரித்தட்டோடு நின்றிருந்த சம்பத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். சுவரைப் பழக்குவது பற்றி அந்த ஊரிலேயே முதலில் பாடம் எடுத்தவர் டாக்டர். அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஈரக் கையோடு நின்று குடுவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நோடோண என்று சொல்லவில்லை. அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாசலில் யாரோ பூசணிக்காயை உடைத்தார்கள்.

பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒன்றும் குத்திக்காட்டவில்லை. "ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி லேப் இருக்குன்னு சொன்னாங்கம்மா" என்றார் ஆறுதலாக. எனக்கு இன்னும் அழுகை வந்தது.

பூஜை விடுமுறை முடிந்து போனபோது டாக்டர் என் மேஜையருகே காத்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டார், அதைப்பற்றி நான் விவரிக்கப் போவதில்லை. பிறகு ஒரு வழி சொன்னார். வேறொரு பொருள் இருக்கிறது, அதைச் சுட்டால் ஒன்றிரண்டு நாளில் தடிமனாகக் கரி ஏறிவிடும். ஏற்றிக்கொண்டு விட்ட இடத்தில் தொடரலாம். நல்ல யோசனைதான். பாஷா பாய் புதுக் கழுத்து வைத்துக் குடுவையை உலைக்குள் இணைத்தார். நான் தொடப் போனபோது "நக்கோ மேடம், இன்னும் சூடு இருக்கு" என்று தள்ளி நிற்கச் சொன்னார்.

கரி ஏற்றுமுன் ஒரு ஓட்டம் பார்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. விஞ்ஞான ஆர்வமெல்லாம் இல்லை. எவ்வளவு நாசமாகியிருக்கிறது என்று பார்க்கிற ஆத்திரம், அவ்வளவுதான். ஆவியைத் திறந்துவிட்டேன். பாதரசம் குடுகுடுவென்று ஏறியது. சம்பத் ஜன்னலைப் பார்த்தபடியே, "என்னா மிஸ், நம்பர் இப்படிக் குதிச்சுக் குதிச்சு ஏறுது? தப்பா படிக்கிறீங்களா?" என்றார். பாதி உடைய ஒன்பது நிமிடம்கூட ஆகவில்லை. சுத்தமான சுவர் பேயாக உடைத்துக்கொண்டிருந்தது.

இன்னொரு ஓட்டம். பதினொன்று. அடுத்தது பன்னிரண்டரை.

அந்தப் பன்னிரண்டரையை எழுதும்போதுதான் உடம்பு சிலிர்த்தது. ஒவ்வொரு ஓட்டமும் சுவரில் கொஞ்சம் கரி ஏற்றுகிறது. கரி ஏற ஏறச் சுவர் அடங்குகிறது, நேரம் கூடுகிறது. அப்படியானால் இது எங்கே போய் நிற்கும்? சுவர் முழுக்க அடங்கினபிறகு மிஞ்சுவது சூடு மட்டும் செய்கிற வேலை. அது இருபத்திரண்டிலேயே நின்றால், என் பழைய எண்ணில் சுவருக்குப் பங்கே இல்லை என்று ஆகிவிடும். பத்திரிகைக்காரர் கேட்ட கேள்விக்கு அதுவே பதில்! இருபத்திரண்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால், இரண்டு வருடமாக நான் அளந்ததில் பாதி சுவரின் வேலை.

"சம்பத், கரி ஏத்த வேணாம். இப்படியே ஓட்டலாம்."

அவர் பொருள் இருந்த குப்பியைத் தூக்கிக் காட்டினார். அடியில் அரை விரல்கூட இல்லை. "இதை வச்சுத்தான் அடைச்ச குடுவைல ஓட்டணும் மிஸ். இதுல தீத்துட்டீங்கன்னா, நடுவுல நின்னுபோச்சுன்னா, அதுவும் இல்ல இதுவும் இல்ல. திரும்பப் பண்ண எனக்கு மார்ச் ஆயிடும்."

தெரியும். மார்ச்சில் நான் பெண்களுக்கு உப்பும் அமிலமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பேன். டாக்டரிடம் ஓடினேன். மூன்று எண்களை மட்டும் எழுதிக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இருபத்திரண்டுல நிக்கலைன்னா?" என்று கேட்டார்.

"நிக்கலைன்னு எழுதி அனுப்பிடலாம் சார்."

காகிதத்தை மூக்கருகே கொண்டுபோய் மறுபடி படித்தார். பிறகு, "நோடோண" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பிறகு நானும் சம்பத்தும் மனிதர்களாகவே இல்லை. நான் சுவரைப் பார்த்து, அவர் ஜன்னலைப் பார்த்து, ஹூம், எண், ஹூம், எண். மத்தியானம் மின்சாரம் தளர்ந்து உலையின் சூடு இறங்கும், அந்த ஓட்டத்தைத் தூக்கி எறிய வேண்டியிருக்கும். வீணாகிற ஒவ்வொரு சொட்டையும் மனசுக்குள் கணக்குப் போட்டேன். பதினாறு வந்தது. பதினெட்டு வந்தது. பத்தொன்பதரையில் இரண்டு ஓட்டம் அசையாமல் நின்று எங்கள் உயிரை எடுத்தது. டாக்டர் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே வராமலே போய்விடுவார். இருபத்தொன்று. குப்பியின் அடியில் இப்போது ஈரம் மட்டும் தெரிந்தது.

அடுத்த ஓட்டம் இருபத்திரண்டு. சம்பத் கையைத் தட்டினார். நான் அதட்டினேன். அங்கே வந்து தொட்டது பெரிதல்ல, அங்கேயே நிற்க வேண்டும். இன்னொன்று ஓட்டினோம். எண்களை நான் சொல்லச் சொல்ல அவருடைய "ஹூம்" தேய்ந்துகொண்டே வந்தது. விதிப்படி எனக்கு நேரம் தெரியாது, அவருக்குத்தான் தெரியும். கடைசி எண்ணைச் சொல்லிவிட்டு, "எவ்ளோ?" என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தால், அந்த மனுஷர் வாட்சை என் முன்னால் நீட்டிக்கொண்டு அழுகிறார். இருபத்திரண்டு. மிச்ச ஈரத்தையெல்லாம் திரட்டி இன்னொரு தடவை ஓட்டினோம். இருபத்திரண்டேதான். வராந்தாவில் ஓடினேன். சேலை கட்டிக்கொண்டு அப்படி ஓடியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

டிசம்பர் கடைசியில் குழு கூடியது. மூன்று பேர், நடுவில் சென்னையிலிருந்து வந்த ஒரு பெரியவர். கண்டிப்புக்குப் பேர் போனவர். டாக்டரும் ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் வரைபடத்தை விரித்தேன். ஒன்பதில் கிளம்பி, ஏறி ஏறி, இருபத்திரண்டில் படுத்துவிட்ட கோடு. பெரியவர் பென்சிலால் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டே போனார்.

"கோடு நல்லா இருக்கு. ஆனா இவ்வளவு நாள் பழக்கின குடுவையைக் கழுவின முட்டாள் யாரு?"

ஓரத்திலிருந்து, "நான்தான் சார்" என்றார் டாக்டர். "கழுவினது நான். அதுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தது இந்தப் பொண்ணு."

பெரியவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு வருஷம் கொடுத்தா என்னம்மா பண்ணுவே?"

ஐந்து கார்பன் வளையம் பற்றி ஒரு பெரிய திட்டம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அது வாயில் வரவில்லை. "முதல்ல அதை மறுபடி கழுவணும் சார்" என்றேன்.

டாக்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "பேடா, பேடா!" வேண்டாம், வேண்டாம் என்று கன்னடத்தில் பதறினார்.

"ஒரு தடவை வந்தது தற்செயல் சார்" என்றேன் பெரியவரிடம். எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "வேணும்னே கழுவி, அதே பாதைல ஏறி, அதே எடத்துல நின்னாத்தான் நம்பலாம். அதோட, சுத்தமான சுவர் அந்த வளையத்தை எப்படி உடைக்குதுன்னு எங்க யாருக்கும் தெரியாது சார். அது தெரியணும்."

அப்போதுதான் அவர் சிரித்தார். நீட்டிப்புக் கொடுத்தார்கள். சம்பத் மறுபடி பொருள் காய்ச்ச உட்கார்ந்தார். பள்ளித் தலைமையாசிரியைக்கு அப்பாவே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். திரும்பி வந்து, "அந்தம்மா ரொம்ப வருத்தப்பட்டாங்க" என்று என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் வருத்தம் துளிகூட இல்லை.

வசந்தத்தில் புதுப் பொருள் தயாரானது. நன்றாகக் கறுத்து, அடங்கி, சொன்னபேச்சுக் கேட்டுக்கொண்டிருந்த குடுவையை உலையிலிருந்து எடுத்து, தொட்டிக்குக் கொண்டுபோய், செக்கச்சிவந்த அமிலத்தை உள்ளே ஊற்றினேன். கரி கொஞ்சங்கொஞ்சமாக உரிந்து கண்ணாடி தெரியத் தொடங்கியது. எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. டாக்டரால்தான் பக்கத்தில் நிற்க முடியவில்லை. நான் கழுவி முடிக்கும்வரை வெளியே வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார்.